பாலாடையில் வார்த்த கசப்பு

அக்கா,

டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை இன்று காலையில் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். என்ன தேய்த்தும் அந்தக் கசப்பு மருந்தின் வாடை என் மூக்கை விட்டுப் போகவில்லை. "இன்னாம்மா, யார் ஊட்ல கொழந்த பொறந்துக்குது?" என்று என் மகள் கேட்டாள். "கொழந்தைக்கு இல்லடி, உங்க பெரியப்பாவுக்கு" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

ஆமாம் அக்கா, உன் புருஷனுக்குத்தான், மாமாவுக்குத்தான். தொண்டையில் கட்டி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அன்றைக்கு உனக்குச் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். "ஊட்டுக்கு இட்டுக்கினு போய், கேட்டத வாங்கிக் குடுங்க." கேட்டதைக் கொடுத்தால் முதலில் தொண்டையில் இறங்கவேண்டாமா? இப்போது பொன்னேரியில் என் வீட்டில்தான் படுத்திருக்கிறார். கடைசி நாட்களில் அவரை எங்கே வைத்துப் பார்ப்பது என்று ஊரே ஆளுக்கொன்று சொன்னது. முடிவு என் தலையில். எடுத்த முடிவை உன்னிடம் சொல்லாமல் நான் எப்படிச் செய்வேன்?

உனக்கு வந்தது அடிவயிற்றில். மீன்கூடையை இறக்கி நீ ஒரு குரல் கொடுத்தால் பொன்னேரிச் சந்தையே திரும்பிப் பார்க்கும். "எறா வாங்க வந்தியா, என் மூஞ்சியப் பாக்க வந்தியா?" என்று ஆம்பளைகளையே விரட்டுவாய். பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியைக் கருக்கக் கரண்டு வைத்தார்கள். உன் தோல்தான் கருகியது, கட்டி அசையவில்லை. பிறகு உன்னைப் படகில் ஏற்றிப் பழவேற்காடு ஏரிக்கு நடுவில் இருக்கும் நம் குப்பத்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். நான் பார்க்க வந்தபோது நீ முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாய். அந்தக் குரல் எங்கே போனதோ! பிள்ளை குட்டி இல்லாத வீடு. மாமா ஒரு மூலையில் வலையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னவும் இல்லாமல் எழவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது என் தெருவில் இருந்த மேரிதான் சொன்னாள், பொன்னேரிக்கு அந்தப் பக்கம் வயல்களுக்கு நடுவே கன்னியாஸ்திரிகள் ஒரு இல்லம் நடத்துகிறார்கள், டாக்டர்கள் கைவிட்டவர்களை வைத்துப் பார்க்கிறார்கள் என்று. அவள் சொன்னதற்காக உன்னைக் கொண்டுபோய்த் தள்ளிவிட நான் என்ன கேனச்சியா? முதலில் நான் போய்ப் பார்த்தேன். என்னை வாயாடி வாயாடி என்பாயே, அந்த வாய் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது.

நுழைந்ததும் மோந்து பார்த்தேன். பினாயில் வாடை மட்டும்தான், மூத்திர வாடை இல்லை. அங்கே படுத்திருந்த ஒரு அம்மாவைப் புரட்டி முதுகைப் பார்த்தேன். ஒரு புண் கிடையாது. சிஸ்டரம்மா அந்தப் பக்கம் போன சமயம் பார்த்து, "கூப்பிட்டா வராங்களா?" என்று அந்த அம்மாவின் காதில் கேட்டேன். "கூப்புடற அளவுக்கு உடறது இல்லமே" என்றார் அவர்.

பிறகு சிஸ்டரம்மாவையே பிடித்துக்கொண்டேன். "எங்க அக்காவ வேதத்துல சேத்துடுவீங்களா?"

"அவங்க சாமி படத்த எடுத்துட்டு வந்து தலைமாட்டுல மாட்டுங்க. ஆணி நான் தரேன்" என்றார்.

"நாங்க கூட இருக்கலாமா?"

"இருக்கணும். எங்களால எல்லாத்தையும் செய்ய முடியாது."

"சொகமாக்கிடுவீங்களா?"

"அது முடியாதும்மா. வலி இல்லாம வெச்சுக்குவோம். வலி வந்தப்புறம் மருந்தத் தூக்கிட்டு ஓடறது இல்ல. வர்றதுக்கு முன்னாடியே குடுத்துடுவோம்."

முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாரே, அதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. கரண்டு வைத்தவர்கள் முடியும் முடியும் என்று சொல்லித்தானே கடைசியில் கைவிரித்தார்கள்.

மாமா ஒரே பிடியாக மறுத்தார். ஊர்க் கட்டு உனக்குத் தெரியாததா? வெளியே உயிர் போனால் உடம்பை ஊருக்குள் ஏற்றமாட்டார்கள். படகுத்துறையிலேயே ஓலைப்பந்தல் போட்டு, அங்கேயே குளிப்பாட்டி, அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "கட்டிக்கினு வந்த வாசல்ல அவள வெச்சி அழக்கூட நாதியத்துப் போவணுமா?" என்று கத்தினார். அப்போதுதான் நீ முந்தானையை வாயிலிருந்து எடுத்தாய். "வாசல நீயே வெச்சிக்கோ. என்னால இந்த நோவத் தாங்க முடில. தங்கச்சி, இட்டுக்கினு போ என்னை."

அங்கே நீ மறுபடி நீயானாய். மருந்தைப் பாலாடையில் ஊற்றிக் கடைவாயில் சரித்தால் மூஞ்சியை அஷ்டகோணலாக்குவாய். "வேப்பங்கொட்டைய அரச்சி ஊத்தறாங்களா இன்னா?" என்று சிஸ்டரம்மாவையே வம்புக்கு இழுப்பாய். நெத்திலிக் குழம்பு கேட்டாய், நான் வைத்துக்கொண்டு வந்தேன், ரெண்டு வாய் தின்றாய். மாமா பஸ் பிடித்து வந்து உன் காலைப் பிடித்துவிடுவார். அப்படியே இருந்திருக்கலாம், அக்கா. அப்படியே விட்டிருக்கலாம்.

நீ அசந்து அசந்து தூங்க ஆரம்பித்தாய். இனி அதிக நாள் இல்லை என்று சிஸ்டரம்மா மாமாவிடம் சொன்னார். அவ்வளவுதான். மறுநாளே சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். மூச்சு இருக்கும்போதே வாசல் மிதிக்க வைத்துவிட வேண்டுமாம். நான் குறுக்கே படுத்துக்கொள்ளாத குறைதான். "அக்கா கேட்டாளா? அவ வாயத் தொறந்து கேட்டாளா?" என்று கத்தினேன். என்னை அடக்கினார்கள். சிஸ்டரம்மா மருந்து பாட்டிலையும் இந்தப் பாலாடையையும் என் கையில் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அதிக நாள் இல்லை என்று மனுஷர்கள் சொன்னால் ஆச்சா? உன் உடம்பு கூடை சுமந்த உடம்பு, லேசில் விடவில்லை. குப்பத்து வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் உன்னைச் சுற்றி உட்கார்ந்து பாலூற்றிக் காத்திருந்தார்கள். நீ போகவில்லை. பாட்டில்தான் காலியானது. ஐப்பசிக் காற்று கிளம்பி ஏரி கொந்தளித்தது, மருந்து வாங்கிவரப் படகு எடுக்க ஆளில்லை. நீ மறுபடி முந்தானையைக் கடித்தாய். கடிக்கவும் தெம்பு போனபிறகு நீ போட்ட சத்தத்துக்கு, பாலூற்ற வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள்.

காற்று கொஞ்சம் தணிந்ததும் ஒருவர் காலில் விழுந்து படகு எடுக்கவைத்தேன். பழவேற்காட்டில் இறங்கி, பொன்னேரி போய், அங்கிருந்து இல்லத்துக்கு ஓடி, புது பாட்டிலோடு திரும்பினேன். துறை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே மேளச் சத்தம் தண்ணீர்மேல் வந்துவிட்டது. பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்துவிட்டேன், அக்கா.

உன்னை வாசலில்தான் வைத்திருந்தார்கள். "புண்ணியவதி, கட்டிக்கினு வந்த ஊட்லயே போய்ட்டா" என்று ஒருத்தி சொன்னாள். அவள் வாயில் மண்ணை அள்ளிப் போடவேண்டும்போல இருந்தது. மாமா என்னிடமிருந்து பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டார். உன்னைத் தூக்கும்வரை அவர் அதைக் கீழே வைக்கவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவரும் நானும் அந்த நாட்களைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அவர்மேல் கோபம். அது தீர்ந்தது என்று பொய் சொல்லமாட்டேன்.

போன வாரம் குப்பத்திலிருந்து ஊர்த்தலைவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "இப்பவே படகுல ஏத்திக்கினு போய்டலாம்மா. அப்புறம் பேஜாராய்டும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா கையைத் தூக்கினார். குரல் போய்விட்டது அவருக்கு, காற்றுதான் வருகிறது. நான் காதை அவர் வாயருகில் கொண்டுபோனேன்.

"என்னை சிஸ்டராண்ட இட்டுக்கினு போமே."

"மாமா, அங்க போனா அப்புறம் உன்னை ஊருக்குள்ள..."

"தெரியும். தொறையிலயே வைங்க." மூச்சு வாங்கினார். "வாசலு வாசலுன்னு நான்தானே அவள இட்டாந்து கொன்னேன். எனக்கு வாசல் வேணாம்."

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். நான் உன் புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். நீ போனபோதுகூட அப்படி அழவில்லை.

இல்லத்தில் பழைய சிஸ்டரம்மா இல்லை, இப்போது வேறொருவர். மருந்து அதே கசப்புதானாம். இருந்தாலும் நான் போய் மோந்து பார்த்தேன், முதுகுகளைப் பார்த்தேன், கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டேன். நாளைக்குக் காலையில் மாமாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். பாலாடையை நான்தான் பிடிப்பேன். அவருக்கு வலி வருவதற்கு முன்னால்.

துறையில் பந்தலுக்கு ஓலை சொல்லியாயிற்று. அவர் உன் வாசலுக்கு வரப்போவதில்லை, அக்கா. நீ வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காதே. துறைக்கு இறங்கி வந்துவிடு.