என் பூட்டுக்குக் காத்திருந்த மின்சாரம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், சஸ்காட்சுவான் குளிர்தான் மூக்கைப் பிடுங்குகிறது.

செவ்வாயன்று காற்றாலைகளின் புதிய லைனில் முதன்முதலாக மின்சாரம் விட இருந்தோம். ஆள் லைனில் இருக்கும்போது யாரும் மின்சாரம் விட்டுவிடாதபடி, அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும் சுவிட்சில் தன் பெயர் எழுதிய பூட்டை மாட்டுவோம். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். நானோ சாவியோடு சூப் குடிக்கப் போய்விட்டேன்.

ஃபோர்மன் டேரில் தேடி வந்தார். "ஏம்மா எஞ்சினியரம்மா, இருபது பேர் வெறைச்சுப்போய் நிக்கிறோம், உனக்குச் சூப்பு கேக்குதா?"

"பூட்டை அறுத்திருக்கலாமே?"

"உன்னைக் கண்ணால பாக்காம அதை எவன் தொடுவான்?"

ஓடிப்போய்த் திறந்தேன். மின்சாரம் பாய்ந்தது.

சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சிவப்புக் கம்பளிக் கயிறு ஒன்று பின்னி அனுப்பு. வேலைக்குப் போகும் வண்டி கிளம்புகிறது.

அங்கே உனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டாயே? இருபது பேர், அம்மா.

மார்னி