நீங்கள் சொன்னதும் நான் சொன்னதும்

அண்ணை,

இன்று ஈஸ்ட் ஹாமில் ஒரு சலவைக் கடையைத் தாண்டும்போது, சூடான இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே ஈரத்துணி விடும் மணம் வந்தது. மரக்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

முதல் மெடிக்கல் பரிசோதனைக்குப் போன அன்று காலை, எங்கள் மனோர் பார்க் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் வெள்ளைச் சட்டையை அழுத்தி அழுத்தித் தேய்த்தீர்கள். எண்பதுகளின் கடைசி. நீங்கள் என் கணவரின் கூட்டாளி, எங்கள் மேல் அறையில் வாடகைக்கு இருந்தவர். பாண் சுடும் தொழிற்சாலையில் ஷிப்ட் நடுவே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கிய நீங்கள், பிறகு வேலைக்குத் திரும்பவில்லை. மன அழுத்தம் என்று எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தார். வேலை செய்ய ஏலாதவருக்கு அரசாங்கம் கொடுக்கும் பெனிபிட் பணம் தொடர வேண்டுமானால் அரசாங்க டாக்டரும் பார்க்க வேண்டும் என்று கடிதம் வந்தது.

ஊரில் கந்தோர் வேலையில் இங்கிலீசில் கடிதம் எழுதிய மனிதர் நீங்கள். நோய் வந்தபின் அந்த மொழி உங்கள் வாயில் வரவில்லை. அதனால் மொழிபெயர்க்க நான் கூட வந்தேன்.

"நான் சொல்லுறதை மட்டும் சொல்லுங்கோ, தங்கச்சி" என்றீர்கள் பஸ்ஸில்.

நித்திரை வருகிறதா என்று டாக்டர் கேட்டார். "ஓம், வருது." வெளியே போக முடிகிறதா? "ஏலும்." இரண்டையும் அப்படியே சொன்னேன். சமைத்துச் சாப்பிடுகிறீர்களா என்றார். "சமைக்கிறனான்" என்றீர்கள். மூன்று கிழமையாக உங்கள் கதவடியில் வைத்த சோற்றை ஆறிய பிறகு திருப்பி எடுத்தவள் நான். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பதிலாக நான் கண்டதையெல்லாம் இங்கிலீசில் சொன்னேன். நீங்கள் தலைகுனிந்து கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு சொல்லும் உங்களுக்கு விளங்கியது.

திரும்பி வரும்போது ஒரே ஒரு வசனம்: "அந்தாளுக்கு முன்னால என்னை உரிஞ்சு போட்டியள்."

பெனிபிட் கிடைத்தது. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

கோயிலில் யாரோ, "கை கால் நல்லாத்தானே இருக்கு, சும்மா இருந்து காசு வாங்குறார்" என்றது உங்கள் காதில் விழுந்தது. அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதை விட்டீர்கள். பெனிபிட் காசு எடுக்கும் புத்தகத்தைத் தெரிந்த முகம் இல்லாத வால்தம்ஸ்டோ தபாற்கந்தோருக்கு மாற்றி, பஸ் ஏறிப் போய் வந்தீர்கள். திரும்பி வந்தால் அன்று முழுக்கப் படுக்கைதான். சும்மா இருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்பதை உங்களைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

அடுத்த வருடம் மறுபடி கடிதம் வந்தது. குசினி வாசலில் நின்றீர்கள். "வருவியளே?"

அந்த முறை சட்டை தேய்க்கவில்லை. கேள்வி வருமுன்னே என் பக்கம் திரும்பினீர்கள். "சாப்பிட மனம் வாறேல்லை எண்டு சொல்லுங்கோ." சொன்னேன். "ஸ்டேசனில ரயில் வரேக்க, கால் முன்னுக்குப் போயிடுமோ எண்டு தூணைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறனான். அதையும் சொல்லுங்கோ."

அதை இங்கிலீசாக்காமல் உங்களையே பார்த்தேன். டாக்டர் பேனையோடு காத்திருந்தார். கொஞ்சம் பொறுத்து, நீங்களே அதை இங்கிலீசில் சொன்னீர்கள். மெதுவாக, பிழையில்லாமல்.

அன்று வீட்டுக்கு வந்து குசினி மேசையடியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டீர்கள். அரைக் கோப்பைதான். அதற்குப் பிறகும் சில வருடங்கள், நல்ல நாளும் கெட்ட நாளுமாக, எங்களோடு இருந்தீர்கள். தொண்ணூறுகளின் நடுவில் உங்களைக் கொண்டுபோனது இருதயம். அந்த ரயில் அல்ல.

முதல் மெடிக்கலில் நான் செய்தது சரி என்று நீங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு எத்தனையோ பேருக்கு மொழிபெயர்க்கப் போயிருக்கிறேன். எல்லாருக்கும் முதலில் வருவது ஒரே பதில்: "எனக்கு ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறன்." அதை நான் உடனே இங்கிலீசாக்குவதில்லை, அவர்களுக்காக நானே சொல்லிவிடுவதும் இல்லை. டாக்டர் பொறுமையிழந்தாலும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறேன். சிலர் அந்த இடைவெளியில் மறுபடி வாய் திறக்கிறார்கள்.