அண்ணி காலுக்குள் ஒன்பது மில்லி ராடு

ஆகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய், காலை ஆறே முக்கால், ஆறு கட்டில் போட்ட வார்டு.

அன்புள்ள சுண்டு, நீ அங்கே நலமாயிருப்பாய் என்று நம்பித்தான் மற்றதை எழுதுகிறேன், இங்கே நாங்கள் இருவரும் நலம், ஒரு கால் மட்டும் நலமில்லை. சனிக்கிழமை உன் அண்ணி டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கும்போது படியில் எண்ணெய் வழுக்கி விழுந்தாள், வலது முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு நடுவில் முறிந்துவிட்டது. போனில் சொன்னால் பாதி கேட்டதும் டிக்கெட் போட்டுவிடுவாய். அம்மா அப்பா இல்லாத வீட்டில் உன்னை வளர்த்தவன் சொல்கிறேன், பரீட்சையை விட்டு வராதே.

டாக்டரம்மா மூன்று வழி சொன்னார். மாவுக்கட்டு என்றால் மாதக்கணக்கில் படுக்கை, எலும்பு கோணலாகவும் சேரலாம். பிளேட் என்றால் நீளமாகக் கிழித்துத் திருக வேண்டும், சீக்கிரம் ஊன்ற முடியாது. ராடு என்றால் முழங்காலுக்குக் கீழே சின்னதாக வெட்டி எலும்பின் நடுக்குழலுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டுப் பூட்டுவது, சீக்கிரம் ஊன்றலாம். ராடுதான் நல்லது என்றார். சரி. ஆனால் ஒன்பது மில்லி என்றதும் எனக்குப் பொறி தட்டியது. ராடு கம்பெனி ஆள் ஒருவன் கறுப்புப் பெட்டியோடு அவர் அறை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான், மிஞ்சிய சைஸை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பட்டறையில் அளவு பார்த்து முத்திரை குத்துவதுதானே என் வேலை, எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னலில் ஒட்டி வெர்னியர் அளவுகோலை வைத்தேன். குழல் குறுகிய இடத்திலேயே பதினொன்றரை. அந்தத் துளையில் ஒன்பது மில்லி ஷாஃப்ட் விட்டால் லொடலொடவென்று ஆடும். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன், நேற்று நடக்க வேண்டிய ஆபரேஷன் நாளைக்குப் போய்விட்டது.

நேற்றுச் சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டார். ஃபிலிமில் காலுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் இருந்தது, ஏதோ பொத்தான் என்று விட்டிருந்தேன். அது இருபத்தஞ்சு மில்லி இரும்புக் குண்டு தம்பி, அதையும் அளங்க என்றார். இருபத்தொன்பது வந்தது. எக்ஸ்ரேங்கறது நிழல், பெரிசாத்தான் விழும், உங்க பட்டறையில நிழலையா அளப்பீங்க என்று கேட்டார். கணக்குப் போட்டால் குழல் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரீமர் விட்டுக் குடைந்து பத்தரையாக்கி ஒன்பதை இறக்குவார்களாம். இன்னும் தடிமனாகப் போடலாமே என்றேன், அதிகம் குடைந்தால் எலும்பு சூடேறிப் பலம் போகும் என்றார். அது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ராடு வைத்த பலருக்கு முழங்கால் முன்பக்கம் வலி தங்கிவிடுகிறதாம், பிரேக் மிதிக்கிற கால் அது, நான் துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். கேட்காவிட்டால் சொல்லியிருப்பாரா? அந்தச் சந்தேகம் இன்னும் போகவில்லை.

இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடலாம் என்று அண்ணியிடம் சொன்னேன். மூணு நாளா என் கால் கட்டில்ல கிடக்கு, நீங்க அதைச் சுத்தி இன்ஸ்பெக்‌ஷன் பண்றீங்க, வலிச்சா வலியோட ஓட்டிக்கிறேன், ஓட்டறதுக்கு முதல்ல கால் வேணும்ல என்றாள். நர்ஸிடம் பேனா வாங்கி அவளே கையெழுத்துப் போட்டுவிட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மா வேறு, நல்ல காரியம் பண்ணினே, இந்த ஆளைக் கேட்டா இந்த வார்டுல ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது என்றார். பேச்செல்லாம் தைரியம்தான், ஆனால் போர்வையை விலக்கி அந்தக் காலை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மறுபடி பஸ் ஏற முடியுமா என்று என்னிடம் கேட்கவும் இல்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, படியிறங்கும்போது போனைப் பார்க்காதே. நம் வீட்டுப் பிடிவாதத்தில் நல்ல பாதி உனக்கு வரட்டும், நன்றாயிரு. நான் செய்யப்போவது:

1. ராடு பாக்கெட்டைப் பிரிக்குமுன் அதில் ஒட்டிய சைஸைக் காட்டச் சொல்வேன். பெட்டிக்காரனை நம்பமாட்டேன்.
2. முடிந்ததும் இரண்டு பாதமும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று பார்ப்பேன். திருகிச் சேர்ந்தால் பெடல் சரியாக மிதிபடாது.
3. முழங்கால் வலிக்கு என்ன பயிற்சி என்று டாக்டரம்மாவிடம் எழுதி வாங்குவேன்.
4. இதற்கெல்லாம் முன்னால், நாளை அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை ஒரு கேள்வியும் கேட்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அண்ணி உத்தரவு.

உன் அண்ணன்