நனையாத தேர்

சீர் ஓங்குக, நீர் வற்றாக் கயல்துறை நாடு செழிக்க. அந்நாட்டு இளம்பிராட்டியாரும் மறைந்த வெண்கோதைத் தேவியாரின் திருமகளாருமான நல்லினியார் திருமுன்புக்கு, அவர்தம் தாய்மாமனும் நெடுங்குன்றத்து அரசருமான விறல்வேள் வாய்மொழிய, ஓலைநாயகம் மருதன் காரி எழுதியது. தம்மை 'யாம்' என்று எழுதிக்கொள்ளவும் மன்னர் நாணினார். ஆதலின் இவ்வோலை அவரைப் பிறர் ஒருவரைப் போலவே பேசும்.

தமக்கையாராகிய தங்கள் அன்னையார் மணமாகிக் குன்றிறங்கிய அன்று, அழைத்த பொழுதில் வந்து நிற்பதாக மன்னர் சொல் கொடுத்தார். அச்சொல்லுக்காகவே தேர் தேடினார். மணி குலுங்கி மினுக்கிய தேர்களையெல்லாம் தள்ளி, பேரன் காலத்திலும் அச்சு தேயாததும், விடியலில் புறப்பட்டால் அந்திக்குள் கயல்துறை சேரும் வலியதுமான ஒன்றைத் தெரிந்தெடுத்தார். தெரிவில் பிழையில்லை, பிழை அதன்பின் தொடங்கிற்று. வெயிலுக்குப் பந்தலிட்டார், தூசிக்குப் பட்டுப் போர்த்தினார், அருகே நின்று தும்மிய பாகனை வைதார். தேர் மன்னரைச் சுமக்கிறதோ, மன்னர் தேரைச் சுமக்கிறாரோ என்று அரண்மனை நகைத்தது. நகைத்தவருள் ஓலைநாயகமும் ஒருவன்.

சென்ற கார்மழையில் ஒரு விடியலில், தேவியார் மறைந்த செய்தி வந்தது. பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் பெண்ணின் உடலை எடுப்பதில்லை என்பது இரு நாட்டிற்கும் வழக்கு. கோடியைத் தேரில் வைத்தாயிற்று, புரவிகளும் பூட்டியாயிற்று. கோட்டை வாயிலில் முழங்கால் அளவு சேற்றைக் கண்ட மன்னர், நாளை மழை விடும், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்றார். அழுதுகொண்டே சொன்னார் என்பது மெய். தேரைக் கொட்டிலுக்குத் திருப்பச் சொன்னார் என்பதும் மெய்.

மறுநாள் மழை விட்டபின் அவர் வந்து சேர்ந்தபோது சிதை ஆறியிருந்தது. முன்னாள் விளக்கேற்றும் வரை காத்திருந்து, தாங்கள் தங்கள் மணத்துக்கென நெய்வித்த சேலையையே அன்னைக்குப் போர்த்தியதாகப் பணிமகளிர் கூறினர்.  மாமன் தேர் நனையவில்லையே என்று மட்டும் வினவினீர்கள். 

இக்கார்மழையில் தங்கள் திருமணம் என்று மன்னர் கேள்வியுற்றார். மாமன் மாலை சூட்ட வரும் உரிமையைக் கேட்க மன்னருக்கு வாய் இல்லை. கண் கெட்டபின் ஞாயிறு வணக்கம் எதற்கு என்று அவரே சொல்லிக்கொண்டார், ஆயினும் புறப்பட்டுவிட்டார். தூதன் இவ்வோலையைத் தங்களிடம் நீட்டும் பொழுதில், தாமே ஓட்டிவந்த அத்தேரோடு அவர் எல்லைத் துறையில் மழையில் நிற்பார். தேரில் இருப்பது புதுச்சேலை ஒன்றே. வருக என்றால் வருவார். இல்லையெனில் சேலையையும் தேரையும் அங்கேயே விட்டு நடந்து திரும்புவார். மழைநாளில் ஊர் ஊராய்ச் செல்லும் தங்கள் நாட்டு மருத்துவச்சியர்க்கு அத்தேர் ஆகட்டும்.

நெடுங்குன்றத்து வேங்கை முத்திரை இட்டது. ஓலையின் முடிவில் கட்டளை எழுதுவது மரபு; தங்களுக்குக் கட்டளையிடும் முகம் மன்னருக்கு இல்லை. ஆதலின் வேண்டுதல் ஒன்று: அத்தேரின் சேற்றை எவரும் கழுவவேண்டா.