நாற்பதைத் தாண்டாத உன் மொபெட்

மச்சான்,

இன்று ஆயுத பூஜை. சிதம்பரத்தில் உன் வீட்டு வாசலில் உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், உன் மொபெட்டைக் கழுவி நிறுத்திவிட்டுச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோருக்கும் அந்த வாசனையில் சாமி நினைவு வரும். எனக்கு உன் கேஸ் நினைவு வந்து தலைக்குள் சுர்ரென்று ஏறியது. அவள் முன்விளக்கில் பொட்டு வைத்துவிட்டு நம்பர் பிளேட்டுக்குக் குனிந்தபோது, "அங்க மட்டும் வேணாம்மா" என்று கத்தியே விட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துகொண்டு, சீட்டுக்கு அடியில் கிடந்த உன் பெயின்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் குறுஞ்செய்தி உனக்கு வந்ததும் ஒரு ஆயுத பூஜை முடிந்த வாரத்தில்தான். பரங்கிப்பேட்டைப் பள்ளியில் டிராயிங் கிளாஸ் எடுத்துவிட்டு வந்தவன், டீக்கடையில் எல்லோரிடமும் செல்போனை நீட்டினாய். ஆலப்பாக்கம் பக்கத்தில் உன் வண்டி அதிவேகமாகப் போனதாம், அபராதம் கட்ட வேண்டுமாம். "பாத்துக்கடா மச்சான், இத்தினி நாளா ஆமை ஆமைன்னு கிண்டல் பண்ணியே, நான் ஸ்பீடா போறேன்னு கவர்மென்ட்டே சொல்லுது!" கடையே சிரித்தது. நாற்பதைத் தொட்டாலே உன் மொபெட்டுக்குக் குளிர்ஜுரம் வந்துவிடும். நீயும் அதற்கு மேல் முறுக்கியதில்லை.

செய்தியோடு வந்த போட்டோவைப் பெரிதாக்கினோம். அதில் இருந்தது ஒரு வெள்ளைக் கார். பூஜைக்கு வைத்த சந்தனம் அதன் நம்பர் பிளேட்டில் அப்படியே காய்ந்திருந்தது. நீ கடைக்காரரின் பேப்பரில் பெரிதாக ஒரு மூன்றை எழுதினாய். டீயில் விரலைத் தோய்த்து அதன் இடது பக்கத்தில் அப்பினாய். "பாரு, மூணு எட்டாயிடுச்சு. என் வண்டி நம்பர்ல அந்த இடத்துல எட்டு. கேமராவுக்கு சந்தனம் தெரியுமா, குங்குமம் தெரியுமா?" என்று சொல்லி அந்தப் பெயின்ட் துணியில் விரலைத் துடைத்தாய்.

கேமராவை விடு. அதைப் பார்த்து அனுப்பிய மனிதனுக்குக் கண் எங்கே போனது? காருக்கும் மொபெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? போய்க் கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பாட்டுதான். "கட்டிட்டுப் போங்க சார், இதுக்குப் போயி அலையறீங்க." உன் மைத்துனனும் அதையே சொன்னான். நீ பிடித்த பிடியை விடவில்லை. "கட்டுனா நான் ஓட்டுனேன்னு ஆயிடும்டா."

கோர்ட்டில் வரிசையாகக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட் போடாதவன், மூன்று பேரை ஏற்றியவன் என்று ஒவ்வொருவனும் "ஒத்துக்கறேன்யா" என்று சொல்லிவிட்டு ஏறிய வேகத்தில் இறங்கினான். உன் முறை வந்தது. "ஒத்துக்கலீங்க ஐயா" என்றாய். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இன்னா சார், எங்களையும் லேட் பண்றீங்க" என்று பின்னாலிருந்தவன் சலித்துக்கொண்டான். வாய்தா போட்டார்கள். அடுத்த தடவை போட்டோ எடுத்த தரப்பிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. அதற்கடுத்த தடவையும் வரவில்லை. நீ மட்டும் லீவு போட்டுவிட்டு, தேய்த்த சட்டையோடு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆமை வேகத்தில் போய் நின்றாய்.

அப்புறம்தான் புதுச்சத்திரம் பக்கத்தில் அந்த இன்னொரு கார். ஓரத்தில் ஒதுங்கிப் போன உன்னைப் பின்னாலிருந்து வந்து அடித்துத் தூக்கியது. அங்கே கேமரா இல்லையாம். வேகமாகப் போகாதவனைப் பிடிக்கக் கேமரா வைத்திருந்தார்கள், உன்னைக் கொன்றவனைப் பிடிக்க ஒன்று இல்லை; ரோட்டில் நின்றவர்கள் நம்பரைப் பார்த்துச் சொன்னதால்தான் அந்தக் கார் சிக்கியது. இதை எழுதும்போதும் பேனா அழுந்தித் தாள் கிழிகிறது, மச்சான். ஆத்திரத்தில்தான்.

ஆள் இறந்துவிட்டதால் உன் அபராதக் கேஸை மூடிவிட்டார்கள். நீ தப்பு செய்தாய் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. "செத்தவருக்கு எதுக்கு சார் விடுதலை?" என்றார் நம் வக்கீல். எதற்கென்று சீக்கிரமே தெரிந்தது. தங்கச்சி போட்ட விபத்து நஷ்டஈட்டுக் கேஸில், உன் மேல்தான் தப்பு என்று காட்ட, அந்தக் காரின் இன்ஷூரன்ஸ் வக்கீல் அதே அபராதத்தை எடுத்து நீட்டினார். "உங்க வீட்டுக்காரர் ஸ்பீடா ஓட்டறவர்தானே? ஏற்கெனவே கேஸ் இருக்கே?"

நான் எழுந்தே விட்டேன். பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கூண்டில் நின்ற தங்கச்சி பதறவில்லை.

"அவுரு பின்னாடி உக்காந்து போவசொல்ல, வண்டிய நிறுத்தாமலே பூக்காரம்மாகிட்ட மொழம் போட்டு பூ வாங்கிடுவேன்யா."

கோர்ட்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அப்போ அந்தக் கேஸு?"

"கேஸு இருந்துது. அவுரு ஒத்துக்கல. கடைசி வரைக்கும் ஒத்துக்கல. அதையும் எழுதிக்கச் சொல்லுங்கய்யா."

நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, அவள் சொன்னதை வரி விடாமல் சொன்னார். அந்த டைப்படிக்கும் சத்தத்தைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. இன்று பூஜை முடிந்ததும், ரிப்பேர் பார்த்த வண்டி ஓடாமல் கிடந்தால் வீணாகிவிடும் என்று தங்கச்சி சாவியைக் கொடுத்தாள். கடலூர் ரோட்டில் நாற்பதுக்குள்ளேயே போனேன். பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது, அப்புறம் என்னை உரசிக்கொண்டு முந்திப் பறந்தது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் அங்கே அதைப் பிடித்துவிட்டேன். பின்பக்க நம்பர் பிளேட் முழுக்கச் சந்தனம். வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து உன் துணியை எடுத்துப்போய் அழுத்தித் துடைத்தேன்.

"யோவ், இன்னா பண்ற?" என்று அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தான்.

"உன் நம்பர் உனக்கே இருக்கட்டும்னுதான்" என்றேன்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட் திறந்தது, போய்விட்டான். துணியை உதறி மடித்து மறுபடியும் உன் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன்.