அவிழ்க்காத புத்தகக் கட்டு

செர்ப்புளசேரி,
விஜயதசமிக்கு மறுநாள்.

அன்பு மகள் நீதுவுக்கு அச்சன் எழுதுவது. சுகம் என்று எழுதினால் நம்பமாட்டாய், ஆனாலும் சாப்பிடுகிறேன், நடக்கிறேன், மாத்திரை தவறவில்லை. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் தாராக் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க பகவதி துணை.

அம்மா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, துக்க வருடம், அதனால் வீட்டில் சரஸ்வதி பூஜை வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புத்தகங்களைக் கோயில் பூஜையில் வைத்துவிட்டு இரண்டு நாளும் நம் முற்றத்தில்தான் கிடந்தார்கள். எடுத்துப் படித்தால் தோஷம், படி என்று யாரும் அதட்ட முடியாதே, ஒரே கூத்து. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நீ ஃபோனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன், தாராவின் சுவரில் ஒட்டிய டைம்டேபிள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு இருபது நிமிடம். அச்சன் எனக்குப் போட்டது மாதிரியே என்று கீழே பெருமையாக எழுதியிருந்தாய். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நீ பத்தாவது படித்த வருடம் நினைவிருக்கும். இரண்டு நாள் வீணாகிறதே என்று திருச்சூரில் இன்னொரு செட் புத்தகம் வாங்கி, அதைக் கட்டி வீட்டுப் பூஜையில் வைத்துவிட்டு, உன்னை உன் புத்தகங்களோடு பின்னறையில் உட்காரவைத்தேன். அந்தப் பூஜைக்குத்தான் கோயில் குளத்தில் உனக்கு நீச்சல் சொல்லித் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். பிள்ளைக்குத் தலைவலி, தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அவளிடம் பொய் சொன்னேன். எண்ணெய்க் கிண்ணமும் துண்டுமாக இரண்டு நாளும் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதானே நீயும் நானும் நினைத்தோம்? விஜயதசமி காலையில் பூஜையிலிருந்து அந்தப் புத்தகக் கட்டை எடுக்கப் போனேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "அது அங்கயே இருக்கட்டும், படிக்கிறதுக்குத்தான் உள்ள வேற வச்சிருக்கீங்களே" என்றாள். அவ்வளவுதான், ஒரு சண்டை போட்டிருந்தாலாவது ஆறியிருப்பேன். இருபத்தொரு வருடமாக அந்தக் கட்டு சரஸ்வதி படத்தின் கீழேயே இருக்கிறது, தூசி தட்டி அதே இடத்தில் வைப்பாள். உன்னைக் குளத்துக்கு மறுபடி கூப்பிடவும் இல்லை.

இதை நான் உனக்குச் சொல்லவே இல்லை, வெட்கம். கர்க்கடக மாத மழையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "குளம் நெறஞ்சிருச்சா? நீது வந்தா ஒரு தடவையாவது எறக்கி விடணும்." நீ வந்து சேர்ந்தது அவளை எரித்ததற்கு மறுநாள். லீவு இல்லை என்று நாலாம் நாளே திரும்பினாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை மகளே, நான் பழக்கியதுதானே.

தாரா நன்றாகப் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சுவரில் ஒட்டிய அந்தத் தாளைக் கிழித்துப் போடு. அடுத்த பூஜைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா, புத்தகம் ஒன்றும் எடுத்து வராதே. கட்டை நீ அவிழ்த்தால் போதும், நான் தொடமாட்டேன்.

மூவரும் தீர்க்காயுசோடு இருங்கள். காதை மூடித் தூங்கு, காற்று ஆகாது. குளத்தில் இப்போது மேல்படி வரைக்கும் தண்ணீர். எனக்கு நீந்தத் தெரியாது, சொல்லித் தர அவளும் இல்லை. நீங்கள் இருவரும் இறங்குங்கள், நான் துண்டை வைத்துக்கொண்டு கரையில் நிற்கிறேன்.

உன் அச்சன்,
கோபிநாதன்