புளிகுடிக்குப் பெரிய தலையணை

அன்புள்ள சேட்டனுக்கு,

நம் குடும்பம் நேற்று கூடி, நான் வயிற்றில் கட்டும் தலையணையைப் பெரிதாக்குவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏழாம் மாதப் புளிகுடிச் சடங்குக்கு ஊரே வருமல்லவா.

இன்று அண்ணன் என் வாயில் புளிநீர் ஊற்றினான். வாடகைத்தாயாக நம் குழந்தையைச் சுமக்கும் ஷிம்னாவை உள்ளறையில் ஒளித்திருந்தோம். எல்லாரும் போனதும் மிச்சப் புளிநீரை உங்கள் அம்மா அவளுக்கு ஊட்டினார்.

"அம்மே, எனக்கு இடுப்பு வலிக்குது" என்றேன்.

"பஞ்சுக்கு என்ன மோளே பாரம்? இங்க வா, உன் புருஷன் மாதிரியே உதைக்கிறான் பாரு."

ஷிம்னாவின் வயிற்றில் கை வைத்தேன். குழந்தை அடங்கிவிட்டது.

"மஸ்கட்லேர்ந்து சேட்டன் பேசினாத்தான் துள்ளும் சேச்சி" என்றாள் ஷிம்னா.

நீங்கள் அவளோடும் பேசுவது எனக்குப் புதுச் செய்தி. குழந்தையிடம்தான் பேசுகிறீர்கள் என்று அம்மா சமாதானம் சொன்னார்.

குளியலறை ஒட்டியிருப்பதால் நம் அறையை அவளுக்குக் கொடுத்தாயிற்று. நான் மாடியில் படுக்கிறேன்.

உங்கள் மனைவி